வண்டி கிளம்புவதற்கு முன்

காற்றாலை இறகை ஏற்றிப் போகும் வேலை எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் நாளைத்தான் பலரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் கிரேன்கள் அசையும், நீள டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும், செல்போனில் படம் எடுக்க ஆள் கூடும். எங்களுக்கு அது வேலையின் நடுப்பகுதி. பல வாரங்களுக்கு முன்பே, அளவு குறித்த நீளக் கம்பு ஒன்றை ஜீப்பின் கூரையில் கட்டிக்கொண்டு நான்கைந்து பேர் ஊரைவிட்டுக் கிளம்பியிருப்போம். அதற்கு ரூட் சர்வே என்று பெயர். என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி அந்த ஜீப்பில்தான் போனது. புதிதாக ஒரு வேலையை ஏற்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். தூத்துக்குடி வழியாக இறகுகள் இரண்டு திசையிலும் போகின்றன. வெளிநாட்டிலிருந்து இறங்கி கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போவதுண்டு. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்து, தரைவழியாக இங்கே வந்து கப்பல் ஏறுவதும் உண்டு. 81.50 மீட்டர் நீள இறகுகளை இந்தத் துறைமுகம் கையாண்டிருக்கிறது. அத்தனை நீளத்தில் ஒரே துண்டு. மடக்கவோ பிரிக்கவோ முடியாது. அது ஒரு முக்கில் திரும்பும்போது முன்சக்கரம் எங்கே போகிறது என்பது சின்ன விஷயம். வால்பகுதி காற்றில் எவ்வளவு தூரம் வீசும், அந்த வீச்சுக்குள் யாருடைய சுவர், யாருடைய டீக்கடைத் தகரம், எந்த டிரான்ஸ்பார்மர் வருகிறது என்பதே கேள்வி. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்புவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. வண்டியோடு நடந்துகொண்டே கையிலிருக்கும் கருவியால் திருப்புவார். முன்னால் இருக்கும் ஓட்டுநரும் பின்னால் நடக்கும் அவரும் ஒரே மனதாக இருந்தால்தான் முக்கு கடக்கும்.

கோபுரத் துண்டு வேறு விதம். அதற்கு நீளம் குறைவு, உயரம் அதிகம். குறுக்கே போகும் மின்கம்பி, மேம்பாலத்தின் அடிப்பாகம், சாலைமேல் நிற்கும் பெயர்ப்பலகை, டோல்கேட் கூரை எல்லாவற்றிலும் கம்பை வைத்துப் பார்க்க வேண்டும். மின்கம்பி இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எந்த மணிக்கு லைனை நிறுத்துவார்கள், எந்த லைன்மேன் கூட வருவார் என்று முடிவு செய்ய வேண்டும். கோபுரத்தின் உச்சியில் உட்காரும் இயந்திரப் பெட்டியான நாசெல்லுக்கு எடைதான் பிரச்சினை. நான்குவழிச் சாலை அதைத் தாங்கும். ஊராட்சிச் சாலையில் ஓடைக்கு மேல் எப்போதோ கட்டிய சின்னப் பாலம் தாங்குமா என்பதைக் கீழே இறங்கி, குனிந்து, கல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதன் மேல்பக்கம் புதிதாகத் தார் போட்டு அழகாக இருக்கும்.

இவையெல்லாம் அளவுநாடாவுக்குள் அடங்குபவை. அடங்காதவற்றுக்குத்தான் அதிக நேரம் ஆகும்.

எங்கள் வண்டிகள் பெரும்பாலும் இரவில் ஓடும். இந்த மாவட்டத்தில் இரவுச் சாலை எப்போதும் காலியாக இருக்காது. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் என்று வந்தால் திருச்செந்தூருக்கு நடந்து போகிற கூட்டம் இரவெல்லாம் சாலையோரத்தில் போய்க்கொண்டிருக்கும். குழந்தையைத் தோளில் போட்டபடி, பாதித் தூக்கத்தில், முருகன் பாட்டோடு நடக்கிற மனிதர்களுக்கு நடுவே இறகு வண்டியை விடக் கூடாது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டியவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா கோயில் திருவிழா. அதற்கு முந்தைய பத்து நாளும் பழைய துறைமுகப் பக்கம் வண்டி நுழைய இடமிருக்காது. அப்புறம் ஊர்க் கோயில்களின் கொடை விழாக்கள். எந்த ஊரில் எந்த மாடனுக்கு எந்த வெள்ளிக்கிழமை கொடை என்பதை எந்த இணையதளமும் சொல்லாது. டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, இந்த வருசம் கோயில் கொடை எப்போ வருது?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு பேச்சு தொடங்கினால், சாலையில் வேறு என்னென்ன தொல்லை இருக்கிறது என்பதும் தானாக வந்துவிடும்.

மண்ணும் அப்படித்தான். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கயத்தாறு வட்டாரம் கரிசல். பங்குனியில் பாறைபோல இறுகிக் கிடக்கிற அதே பொட்டல், ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால் டிராக்டரையே விழுங்கும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிமணல். அங்கே மழை பிரச்சினை இல்லை, மணல்தான் பிரச்சினை. காற்றாலைக்காரர்களுக்கோ வைகாசி பிறப்பதற்குள் சக்கரம் சுற்ற வேண்டும், ஏனென்றால் அப்போது தொடங்கி புரட்டாசிவரை வீசும் காற்றுதான் அவர்களுக்கு வருமானம். அந்தக் காற்று வந்தபின் உயரத்தில் இறகை மாட்ட முடியாது; கிரேன் நின்றுவிடும். ஆக மழைக்கும் காற்றுக்கும் இடையில் கிடைக்கிற சில மாதங்களுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். அவசரப்படுத்துகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்களை விரட்டுவது இந்த நாள்காட்டிதான். ஆனால் அதே நாள்காட்டிதான் முதல் நாளிலேயே சிலவற்றை முடியாது என்றும் சொல்கிறது.

இந்த "முடியாது" என்பதைப் பற்றி எனக்கு முதலில் யோசனை கொடுத்தவர் இறகையே பார்த்திராத ஒருவர். எங்கள் பகுதியில் சங்கு குளித்த பெரியவர். 1950களின் கடைசியில், இளவயதில், அரசு நடத்திய முத்துக் குளிப்புக்கும் போனவர். ஒருநாள் அவரிடம், "தாத்தா, இப்பவும் நம்ம கடல்ல முத்து இருக்குமா?" என்று கேட்டேன். "கெடக்கான்னு கேட்டா கெடக்குன்னுதான் சொல்லுவேன். இந்த வருசம் எடுக்கலாமாங்கது வேற கேள்வி" என்றார்.

அவர் அதை விளக்கியதும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து என் தொழிலையே புதிதாகப் பார்க்க வைத்தன. முத்துக் குளிப்பு என்றால் மூச்சடக்கி இறங்கும் மனிதனைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய ஏற்பாட்டை யாரும் நினைப்பதில்லை. மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன; அவற்றுக்குப் பார் என்று பெயர். குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அரசின் முத்து, சங்குத் துறைக் கண்காணிப்பாளர் குளிகாரர்களோடு படகில் போய் ஒவ்வொரு பாராகச் சோதிப்பார். குளிகாரர் இறங்கி, அடியில் மணலா பாறையா, சிப்பி இருக்கிறதா, நெருக்கமாக இருக்கிறதா, இளசா முற்றியதா என்று வந்து சொல்வார். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து வந்து, அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்து, சல்லடையில் போட்டு, முத்து வியாபாரிகளைக் கொண்டு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடுவார்கள்.

வயதுதான் இதில் பெரிய நுணுக்கம். மூன்று வயது நிரம்பாத சிப்பியில் முத்து பொடியாக இருக்கும், எடுத்தால் நட்டம். ஐந்தாறு வயதைத் தாண்டினால் சிப்பி செத்துவிடும். முத்து மணலோடு போய்விடும். நடுவில் கிடைக்கும் காலம் குறுகியது. அதற்குள் புயலோ நீரோட்டமோ மணலைக் கொண்டுவந்து பாரை மூடலாம். திருக்கைக் கூட்டம் வந்து சிப்பியைத் தின்று தீர்க்கலாம். அதனால் ஒருமுறை பார்த்தது போதாது. பருவம் மாறிய பின் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். எல்லாம் தேறினால்தான் எந்தத் தேதியில், எந்தக் கரையில் முகாம், எத்தனை படகு என்று அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பை நம்பித்தான் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் குளிகாரர்கள் வருவார்கள், வியாபாரிகள் வருவார்கள், வெறும் மணல்வெளியில் ஒரு ஊர் முளைக்கும். இந்த வட்டாரத்து முத்துக் குளிப்புகளைக் கூர்ந்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1922இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தச் சோதனை, காத்திருப்பு, கைவிடல் பற்றிய பதிவுகள்தான் நிறைந்திருக்கும். குளிப்பு நடந்த ஆண்டுகளைவிட நடக்காத ஆண்டுகள் மிக அதிகம். 1928க்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடிப் பக்கம் குளிப்பே இல்லை. 1955க்கும் 1961க்கும் இடையே தொடர்ந்து நடந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

வேண்டாம் என்ற முடிவையும் ஒரு முழு வேலையாக மதித்த துறை அது.

இதற்கெல்லாம் முன்பே கடலுக்கு அக்கரையில் வேறொன்று நடந்தது. இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1903 முதல் நல்ல விளைச்சல். 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள். அரசுக்கு வருமானம் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். அந்தக் கடலில் அதுவரை கேள்விப்படாத தொகை. லண்டனில் ஒரு கம்பெனி உருவானது. 1906இல் இலங்கை அரசிடம் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டு வாடகை மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல், சிப்பி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. அடுத்த குளிப்பு 1925இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே கம்பெனி கலைந்துவிட்டது. அவர்களிடம் அறிவியல் இல்லாமல் இல்லை. பேராசிரியர் ஹெர்ட்மன் என்ற பெரிய கடலுயிர் அறிஞர் ஐந்து தொகுதிகளில் ஆய்வறிக்கையே எழுதியிருந்தார். முத்து இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சங்கு குளித்த தாத்தா சொன்ன இரண்டாவது கேள்விக்கு, இந்த வருடம் எடுக்கலாமா என்பதற்கு, இருபது ஆண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்தான் எல்லாம் போயிற்று.

என்னிடம் வரும் விசாரணைகளில் பாதி இந்த வகைதான். போன வருடம் அந்தச் சாலையில் இறகு போயிருக்கிறது, ஆகவே இந்த வருடமும் போகும் என்று எழுதியிருப்பார்கள். போன வருட இறகு பத்து மீட்டர் குட்டை. இடையில் ஒரு ரவுண்டானா வந்திருக்கும், ஒருவர் வீட்டுக்கு முன்னால் மதில் எழுப்பியிருப்பார், சாலை நடுவே தடுப்பு வைத்திருப்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, கரையோர ஊர்களின் சாலைகளை அறுத்துக்கொண்டு போனபோது, எங்கள் அலமாரியில் இருந்த இந்த மாவட்டத்துச் சர்வே அறிக்கைகள் ஒரு வாரத்தில் பழைய காகிதமாயின. எதையும் திருத்தவில்லை. முதலிலிருந்து ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் இறங்கினோம்.

முத்துத் துறையிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று உண்டு. அதை இந்தத் தொழிலில் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கண்காணிப்பாளருக்கு மாதச் சம்பளம். குளிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே சம்பளம். அதனால்தான் அவரால் இல்லை என்று எழுத முடிந்தது. எங்கள் தொழிலில் சர்வேயை இலவசமாகச் செய்துகொடுப்பது வழக்கம். வேலை கிடைத்தால் அதில் ஈடு செய்துகொள்ளலாம் என்று கணக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வேலை கிடைத்தால் மட்டுமே கூலி என்று இருக்கும் மனிதன் ஒரு முக்கைப் பார்த்து, இது திரும்பாது என்று எப்படி எழுதுவான்? கொஞ்சம் சிரமம், ஆனால் முடியும் என்றுதான் எழுதுவான். பொய் சொல்கிறான் என்றுகூட இல்லை; அவன் கண்ணுக்கே அப்படித்தான் தெரியும். வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆகவே பொறுப்பு என் கைக்கு வந்த பிறகு சர்வேக்குத் தனிக் கட்டணம் என்று வைத்தேன். முடியாது என்று அறிக்கை கொடுத்தாலும் அதே தொகை. சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறிடம் போனார்கள். அது என் முதலாளிக்கு வருத்தம்தான். இருந்தாலும் அவர் என்னோடு நின்றார்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் புரியும். ஒரு நிறுவனத்துக்கு மார்கழிக்குள் இறகுகள் போய்ச் சேர வேண்டும். ஊருக்குள் நுழையும் முக்கில் சுடலைமாடன் பீடம்; எதிரே ஒரு வேப்பமரமும் குடிநீர்த் தொட்டியும். வண்டி திரும்ப வழியே இல்லை. ஒரு நாள் கூலி ஆட்களை வைத்துத் தொட்டியை இடித்து, பிறகு கட்டிக்கொடுத்துவிடலாம் என்று நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் சொன்னார். ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்தோம். பீடத்தைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கவே இல்லை. வண்டியின் நீளத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டோம். "ஊருக்குள்ள ஏன் வாறீய? கெழக்கே வெளியாவே சுத்திப் போலாம்லா" என்றார் ஒருவர். அந்த நிலத்தில் அப்போது உளுந்து நின்றது. தை பிறந்து அறுப்பு முடிந்தால் காடு காலி, மண்ணும் காய்ந்திருக்கும். நிலக்காரர்களுக்குக் குத்தகை பேசி, கிராவல் அடித்துத் தற்காலிகப் பாதை போட்டுக்கொள்ளலாம். மார்கழியில் முடியாது, மாசியில் முடியும் என்று அறிக்கை எழுதினேன். நிறுவனத்தில் நிறைய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மாசியில் இறகுகள் அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்தன. வைகாசிக் காற்றுக்கு முன் சக்கரம் சுற்றியது. அந்தப் பாதையில் பாதியை ஊர்க்காரர்கள் வண்டிப் பாதையாக வைத்துக்கொண்டார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய இன்னொன்றை இந்த ஊரின் பெரிய மனிதரின் கதையே சொல்கிறது. வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத் தூத்துக்குடி கொழும்பு வழியில் ஓட்டினார்கள். அதே வழியில் கப்பல் ஓட்டிவந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி அந்த நிறுவனத்தை நெருக்கியதும் வாடகைக் கப்பல் திரும்பிப் போய்விட்டது. பயணிகள் இருந்தார்கள், பங்குதாரர்கள் இருந்தார்கள், மக்களின் அன்பு இருந்தது. கருவி மட்டும் அடுத்தவன் கையில் இருந்தது. அதை அவரைவிடத் தெளிவாக யாரும் உணர்ந்திருக்க முடியாது. பம்பாய்க்குப் போய், பணம் திரட்டி, 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர ஏற்பாடு செய்தார். பிறகு அந்தச் சங்கத்தை அழிக்க, கட்டணத்தைக் குறைத்தும் இலவசப் பயணம் என்று ஆசை காட்டியும் முடியாமல், 1908இல் அவரைச் சிறையில் அடைக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு கப்பல்களின் பெயரை உச்சரிக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும்.

கருவி யார் கையில் இருக்கிறது என்ற அந்தக் கேள்வி எங்கள் தொழிலில் கிரேன் வடிவில் வருகிறது. நீள இறகைத் தூக்க இரண்டு கிரேன்கள் ஒன்றாக அசைய வேண்டும். கோபுரத்தின் உச்சிக்குத் தூக்கும் பெரிய கிரேன்கள் நாட்டிலேயே எண்ணிக்கையில் குறைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்று அந்தக் கிரேன் எங்கே நிற்கிறது, யார் வேலையில் நிற்கிறது, அந்த வேலை தள்ளிப்போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். "ஏற்பாடு பண்ணிக்கலாம் சார்" என்ற பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. கிரேன் உரிமையாளரின் கடிதம் வேண்டும். அது வராமல் கப்பலுக்குத் தேதி கொடுத்தால், இறகுகள் துறைமுக முற்றத்தில் கிடக்க, நாள்வாடகை ஏறிக்கொண்டே போகும்.

காற்றாலைத் தொழிலே இந்த மண்ணில் பொறுமையோடுதான் தொடங்கியது என்பதை இளைஞர்களுக்கு நினைவூட்டுவேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கும் என்பது மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். எந்த மாதம், எந்த உயரத்தில், எவ்வளவு என்பது தெரியாமல் யாரும் பணம் போட மாட்டார்கள். வானிலை அறிஞர் அன்னா மாணி நாடு முழுவதுமுள்ள காற்றளவுகளைத் திரட்டி 1980களில் தொகுத்துத் தந்தார். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசு சிறிய காற்றாலைகளை முன்னோட்டமாக நட்டுப் பார்த்தது. இன்று நாங்கள் இழுத்துப் போகும் இறகுகளோடு ஒப்பிட்டால் அவற்றின் இறகுகள் மிகச் சிறியவை.

இப்போது எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் டிரோனை வானில் விட்டு முக்குகளைப் படம் பிடிக்கிறார்கள். எந்த டிரெய்லர் எப்படித் திரும்பும் என்று கணினி கோடு போட்டுக் காட்டுகிறது. நல்ல கருவிகள், நான் இரண்டு நாள் நின்று பார்த்ததை அவை ஒரு மணி நேரத்தில் காட்டுகின்றன. அவற்றை வாங்கச் சொல்லி முதலாளியிடம் வாதாடியவனே நான்தான். ஆனால் சர்வே ஜீப்பில் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வந்ததில்லை. பார்த்துவிட்டு வருகிறவர் ஒருவர், இரவில் வண்டியை இழுக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கக் கூடாது. முத்துப் பாரைச் சோதிக்கக் கடலுக்குள் இறங்கியவர்களும் குளிகாரர்கள்தாம். அடியில் என்ன இருக்கிறது என்று சொன்ன அதே கைதான் பிறகு சிப்பியைப் பறித்தது. குளிப்பின்போது அவர்களுக்குக் கூலியும் பணமாக இல்லை, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு.

எங்கள் மூத்த ஓட்டுநர்கள் அதிகம் பேச மாட்டார்கள். முக்கில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையோர மண்ணை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார்கள். பின்சக்கரம் பதிய வேண்டிய இடம் அது. கணினிக் கோடு சரி என்று காட்டிய இடத்தில் ஓட்டுநர் தலையசைக்கவில்லை என்றால், ஏன் என்று அவரால் உடனே விளக்க முடியாவிட்டாலும், அந்த முக்கை மறுபடி அளக்கச் சொல்வேன். அளந்தால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும்: மூடிய பழைய கிணறு, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி இறுகாமல் விட்ட பள்ளம், உள்ளே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் ஓடைக்கரை. சர்வே நாள்களுக்கு ஓட்டுநருக்கும் பின்சக்கரக்காரருக்கும் வண்டி ஓட்டும் நாளின் சம்பளமே தருகிறோம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொறியாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். அந்த இரண்டும் இல்லாத அறிக்கை என் மேசையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போவதில்லை.